நிறுத்தும் நாள் எழுதாத சீட்டு: கடலூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன மூன்றாம் நாள் விடியற்காலை, துறைமுகத்திலிருந்து ஆட்டோவில் அவரைக் கொண்டுவந்தார்கள். நாக்கின் ஓரம் கடிபட்டு இரத்தம் உறைந்திருந்தது. லுங்கி நனைந்திருந்தது. கூட வந்த இருவரில் ஒருவர் சொன்னார்: "நடுக்கடல்ல வெட்டு வந்துடுச்சு டாக்டரம்மா. வலை இழுத்துக்கிட்டு இருந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டார். தொழிலைப் பாதியில விட்டுட்டுத் திரும்பிட்டோம்."

வயது 44. முதுநகர் பக்கத்துக் குப்பம். இதற்கு முன் வலிப்பு வந்ததில்லை; வீட்டில் யாருக்கும் இல்லை. கண் திறந்திருந்தார், ஆனால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. நாடித்துடிப்பு 112, காய்ச்சல் இல்லை, சர்க்கரை 104.

பெயரை எழுதவில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவருக்கும் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன்.

முதலில் நாங்கள் நினைத்தது

கடலூரில் 40 தாண்டிய மீனவர் முதல் தடவை வலிப்போடு வந்தால், புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருப்பது எந்த மருத்துவருக்கும் ஞாபகம் வரும். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரவுப் பணியில் இருந்தவர் கேஸ் ஷீட்டில் அதையே எழுதி, அதற்கான ஊசியையும் தையமின் என்ற பி1 வைட்டமினையும் தொடங்கியிருந்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஏழு மணிக்கு மனைவி வந்தார். குடியைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "குடியா? அவர் அதை விட்டு மூணு வருஷம் ஆகுதும்மா. இப்ப மாத்திரை மட்டும்தான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன தொனியை நான் மறக்கவில்லை. அதில் ஒரு பெருமை இருந்தது. சாயங்காலம் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் போய்விட்டு நடு இரவில் வந்து விழுந்த மனிதர், கால் ஒடிந்து ஆபரேஷன் ஆன பிறகு வீட்டோடு இருக்கிறார், அடிப்பதில்லை, கத்துவதில்லை. மாத்திரை போட்டால் சாதுவாகிவிடுகிறார். அந்த வீட்டைப் பொறுத்தவரை மாத்திரை வந்த நாள் நல்ல நாள். இந்த நிகழ்வில் மூன்றரை வருடம் யாருக்கும் சந்தேகம் வராமல் போனதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, நிம்மதி.

அடுத்து சி.டி. நம் ஊரில் பெரியவர்களுக்குப் புதிதாக வலிப்பு வந்தால் மூளையில் நாடாப்புழுக் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் விட முடியாது. படம் சுத்தமாக இருந்தது. சோடியம், கால்சியம் சரி. கல்லீரல் நொதிகள் மட்டும் கொஞ்சம் கூடுதல். சிறுநீரில் போதைப்பொருள் பார்க்கும் பட்டையையும் போட்டுப் பார்த்தோம். ஓபியம் வகை: இல்லை.

இந்த "இல்லை"யில்தான் பாதி நாள் போனது. அந்தப் பட்டையில் இருக்கும் எதிர்ப்பொருள் மார்ஃபினின் வடிவத்தைப் பிடிக்கச் செய்தது. மார்ஃபின், கோடீன், ஹெராயின் இவற்றைக் காட்டும். ஆய்வகத்தில் முழுக்கச் செயற்கையாகச் செய்யப்படும் டிராமடால் என்ற வலி மருந்து அதன் கண்ணில் படாது. ஃபென்டனிலும் அப்படித்தான். மூளையில் போய் உட்காரும் இடம் ஒன்றானாலும் மூலக்கூறின் முகம் வேறு. பட்டை இல்லை என்று சொன்னால் "நான் தேடிய சில இல்லை" என்று மட்டுமே பொருள். படித்த விஷயம்தான். ஆனாலும் அன்று காலை எனக்கு உறைக்கவில்லை.

விடை சிறுநீரில் இல்லை, இடுப்பில் இருந்தது. உடை மாற்றிய செவிலியர், லுங்கி மடிப்பில் செருகியிருந்த ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 100 மி.கி. டிராமடால் அட்டை மூன்று, அதில் ஒன்று காலி. தூக்கத்துக்கென்று யாரோ எழுதிக்கொடுத்த 25 மி.கி. அமிட்ரிப்டிலின் அட்டை ஒன்று. அப்புறம் ஒரு மருந்துச் சீட்டு. லேமினேட் செய்யப்பட்டது.

அந்தச் சீட்டு

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எழுதியது. மூன்றரை வருடத்துக்கு முந்தைய தேதி. டிராமடால் 37.5 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி. சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று, 10 நாள். அதற்குக் கீழே மூன்று எழுத்து: எஸ்.ஓ.எஸ். "அதன் பிறகு தேவைப்பட்டால்" என்று பொருள். மருத்துவர்கள் கை தானாக எழுதும் எழுத்து இது. எழுதியவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் பழைய சீட்டுகளைத் தேடினால் இதே மூன்று எழுத்து எத்தனையோ இடத்தில் இருக்கும். 10 நாளுக்கு முடிவு உண்டு. தேவைக்கு முடிவு கிடையாது.

லேமினேட் செய்தது சூழ்ச்சியில்லை. கடலுக்குப் போகிறவர், காகிதம் நனைந்துவிடும் என்று செய்தார். ஆனால் அதன் விளைவு விசித்திரமானது. மருந்து விதிகளின்படி இந்த வகைச் சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து தரலாம். மறுபடி தரலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே மறுபடி. தந்ததும் கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியல் மருந்து என்றால் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். பிளாஸ்டிக் மேல் முத்திரை எங்கே ஒட்டும்? ஒவ்வொரு கடையிலும் அது புதுச் சீட்டாகவே இருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல், திருப்பாதிரிப்புலியூரில் ஒன்று, பஸ் ஏறினால் புதுச்சேரிப் பக்கம் இரண்டு மூன்று. எல்லை தாண்டினால் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமும் வேறு. யாரும் பெரிதாகச் சட்டத்தை மீறியதாக நினைத்திருக்க மாட்டார்கள். கால் வலிக்காரர், கையில் சீட்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படி ஏறியது

இரண்டாம் நாள் தெளிந்த பிறகு அவரே சொன்னார். ஐஸ் ஏற்றும்போது படகின் மேல்தளத்தில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. தட்டும் திருகும் வைத்து ஆபரேஷன். மாத்திரை 10 நாளும் நன்றாகக் கேட்டது. அதன் பிறகும் மாடிப்படி ஏறினால், அலையில் கால் ஊன்றினால் குத்தியது. குத்தும்போது போட்டார். பிறகு குத்துவதற்கு முன்னாலேயே போட்டார். ஒரு வருடத்தில் நாளைக்கு நாலு, ஆறு, எட்டு.

உச்சத்தில் 12 மாத்திரை. கணக்குப் போட்டால் டிராமடால் 450 மி.கி., பாரசிட்டமால் 3,900 மி.கி. ஒரு நாளைக்கு முதலாவதன் உச்சவரம்பு 400, இரண்டாவதன் உச்சவரம்பு 4,000. கல்லீரல் நொதிகளுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கடைக்காரர் நல்ல எண்ணத்தில், "இத்தனை பாரசிட்டமால் ஆகாது அண்ணே, தனி மாத்திரையாவே வாங்கிக்கோங்க" என்று 100 மி.கி. அட்டையைக் கொடுத்திருக்கிறார். கல்லீரலுக்குச் செய்த உபகாரம் மூளைக்கு வினையானது. வலிப்பு வந்த இரவில் அவர் நினைவுக்குத் தெரிந்து ஏழு போட்டிருக்கிறார்: 700 மி.கி.

அந்த ஏழுக்கும் தடைக்காலத்துக்கும் தொடர்பு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு நகராது. பங்கு வராது. கையில் காசில்லாமல் மாத்திரை குறைந்தது. குறைந்ததும் கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சல், வயிற்றுப்போக்கு, இரவெல்லாம் கால் ஒரு நிலையில் இல்லாமல் உதறுவது. "சளி பிடிச்சிருக்கு, வாயு கோளாறு" என்று வீட்டில் சுக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கமில்லை என்று போன இடத்தில் அமிட்ரிப்டிலின் எழுதினார்கள். டிராமடால் பற்றி அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தடை நீங்கியதும் படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்கி, நாலைந்து நாள் கடலில் தங்க வேண்டுமே என்று அட்டை அட்டையாக வாங்கிக்கொண்டு ஏறினார். இரண்டு மாதம் குறைத்துப் போட்ட உடம்புக்கு ஒரே இரவில் ஏழு.

"பலவீனமான" மருந்து

டிராமடாலைப் பற்றி மருத்துவர்களிடமே ஒரு மெத்தனம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படி வகுத்தது. முதற்படி பாரசிட்டமால் போன்றவை, மூன்றாம் படி மார்ஃபின், நடுவில் பலவீனமான ஓபியாய்டுகள், அதாவது மார்ஃபின் போலவே மூளையில் வேலை செய்யும் மருந்துகள். டிராமடால் அந்த நடுப்படியில் வந்து உட்கார்ந்தது. ஜெர்மனியில் 1962இல் உருவாகி 1977இல் விற்பனைக்கு வந்த மருந்து. இன்றுவரை சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கைகளின் பட்டியலில் இல்லை. வேறு ஓபியாய்டு எதுவும் எட்டாத ஏழை நாடுகளில் இதுவும் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். விழுங்கிய டிராமடால் ஓபியாய்டாக அப்படியே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றி எம்1 என்ற பொருளாக்குகிறது. மார்ஃபின் அமரும் இருக்கையில் அழுத்தமாக அமர்வது அந்த எம்1தான். நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மாத்திரை ஒருவருக்கு வெறும் சுண்ணாம்பு, இன்னொருவருக்குக் கிட்டத்தட்ட மார்ஃபின். இது போதாதென்று, நரம்புகள் செய்தி அனுப்பும் ரசாயனங்களான செரட்டோனின், நார்அட்ரினலின் இரண்டையும் டிராமடாலே நரம்பு முனை திரும்ப உறிஞ்சாமல் தடுக்கிறது. அதாவது பாதி ஓபியாய்டு, பாதி மனச்சோர்வு மருந்து. "போட்டா மனசு லேசாகுது" என்று இவர் சொன்னதற்கும், குடி நின்றுபோனதற்கும் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. வலிப்புக்கும் இங்கேதான்: டிராமடால் வலிப்பின் வாசலைத் தாழ்த்துகிறது, அமிட்ரிப்டிலின் இன்னும் தாழ்த்துகிறது. தூக்கமில்லாத இரவு, உப்புக்காற்றில் உடல் உழைப்பு, 700 மி.கி. இத்தனையும் சேர்ந்த பிறகு வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓபியாய்டுகளை மார்ஃபின் கணக்கில் ஒப்பிட ஒரு பெருக்கெண் தருகிறது. டிராமடாலுக்கு 2016இல் 0.1 என்றது, 2022இல் 0.2 என்று இரட்டிப்பாக்கியது. புதுக் கணக்கில் இவருடைய 700 மி.கி. என்பது 140 மி.கி. மார்ஃபின். 50ஐத் தாண்டும்போதே நின்று யோசி என்கிறது அதே வழிகாட்டி. இந்தக் கணக்கை மருந்து மாற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது, ஒரு அளவுக்குப் புரிந்துகொள்ள மட்டும். இருந்தாலும், பலவீனமான மருந்து என்று சொல்லிக்கொண்டே இவர் எங்கே போய் நின்றார் என்பது தெரிகிறது.

நோயறிதல்

டிராமடாலால் வந்த வலிப்பு. ஓபியாய்டு பயன்பாட்டுக் கோளாறு, கடுமையான நிலை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 11 அடையாளங்கள் இருக்கின்றன, 6 இருந்தாலே கடுமை. இவரிடம் 7 இருந்தன. நினைத்ததைவிட அதிகம் போடுவது, குறைக்கப் பார்த்துத் தோற்பது, வாங்க அலைவது, ஏக்கம் எல்லாம் இருந்தன. அளவு கூடிக்கொண்டே போவதும், நிறுத்தினால் உடம்பு முறுக்குவதும் மருத்துவர் மேற்பார்வையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு வந்தால் கணக்கில் சேராது என்று அதே கையேடு சொல்கிறது. அந்த வேறுபாடு இந்தக் குடும்பத்திலேயே இன்னொருவருக்குத் தேவைப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிகிச்சையும் என் தவறும்

முதல் தவறு என்னுடையது. மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, "இனிமேல் இதைத் தொடவே கூடாது" என்று சொல்லிவிட்டு வார்டு சுற்றப் போய்விட்டேன். வலிப்பு வந்தவருக்கு டிராமடாலைத் தொடர முடியாது என்பது சரி. ஆனால் மாற்று எதுவும் தராமல் நிறுத்தியது சரியல்ல. அன்றிரவு பதினொரு மணிக்கு வியர்த்து, நடுங்கி, சுவரில் ஆட்கள் நடக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டுக் கேட் வரை நடந்து போனார். காவலாளிதான் பிடித்து உட்காரவைத்தார். டிராமடாலை நிறுத்தினால் சிலருக்கு வழக்கமான ஓபியாய்டு விலகல் அறிகுறிகளோடு பயமும் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் சேர்ந்து வரும். செரட்டோனின் பக்கத்து வேலை அது.

மறுநாள் அரசு மனநலப் பிரிவோடு பேசி அங்கே மாற்றினோம். விலகல் அறிகுறிகளை அளக்கும் கவ்ஸ் பட்டியலில் மதிப்பெண் 15 வந்தபோது நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின்-நலாக்சோன் 2 மி.கி. கொடுத்தார்கள். அறிகுறி வரும்வரை காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. புப்ரெனார்ஃபின் அந்த இருக்கையில் பாதி எழுந்த நிலையில் உட்காரும் மருந்து, ஆனால் பிடி இரும்புப் பிடி. வேறு ஓபியாய்டு நிறைந்திருக்கும்போது கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு, விலகல் அறிகுறியைத் தானே கொண்டுவந்துவிடும். ஒரு மணி நேரத்தில் அவருடைய கொட்டாவி நின்றது. மூன்றாம் நாள் 6 மி.கி.யில் தூங்கினார். மனைவி கேட்டது: "இதுவும் மாத்திரைதானே, இதை எப்ப நிறுத்துவாங்க?" நியாயமான கேள்வி. மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம், அவசரப்பட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் திரும்பிப் போகிறார்கள் என்று சொன்னோம். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

ஏழாவது வாரத்தில் சறுக்கினார். ஒரு பழைய கடையில், டிராமடால் இப்போது கெடுபிடி என்று வேறு பெயரில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டேபெண்டடால். 2018 ஏப்ரலில் டிராமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்த பிறகு தமிழ்நாட்டில் பலரும் தாவிய கிளை அது. பத்திரிகையில் "போதை மாத்திரை விற்ற இளைஞர்கள் கைது" என்று வருகிற செய்திகளில் பெரும்பாலும் அடிபடுவதும் இந்த வலி மாத்திரைதான். பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். மாத்திரையைக் கட்டிவைக்கும் மாவும் டால்கும் இரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் போய் அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும். இவர் அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டு போட்டார், புப்ரெனார்ஃபின் ஏற்கெனவே இருக்கையைப் பிடித்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை, காசு வீண் என்று தானே வந்து சொன்னார்.

மூன்றரை வருடமாக யாரும் பார்க்காத கால்

வெட்கத்தோடு எழுதுகிறேன்: அவர் கணுக்காலை எக்ஸ்ரே எடுத்தது பத்தாவது நாள்தான். அதுவும் சக்கர நாற்காலியிலிருந்து இறங்கும்போது அவர் முகம் சுளித்ததைக் கண்ட பிசியோதெரபிஸ்ட் கேட்டதால். எலும்பு கூடியிருந்தது. ஆனால் தட்டின் கீழ்த்திருகு தளர்ந்து வெளியே வந்து, செருப்பின் வார் படும் இடத்தில் தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்தது. விரலை வைத்தால் தட்டுப்படும்.

வலி நிஜம். மாத்திரை அதை மறைத்ததே தவிர ஆற்றவில்லை. மாத்திரை இருந்ததால் யாரும் தேடவும் இல்லை. நாட்பட்ட வலிக்கு ஓபியாய்டு பற்றிய ஆராய்ச்சியில் நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது 2018இல் வெளிவந்த ஸ்பேஸ் ஆய்வு. நாட்பட்ட முதுகு வலியோ மூட்டுத் தேய்மான வலியோ உள்ள 240 அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர். பாதிப்பேருக்கு ஓபியாய்டு, பாதிப்பேருக்குப் பாரசிட்டமால் போன்ற மற்றவை. ஒரு வருடத்தில் நடமாட்டத்தில் வித்தியாசமில்லை. வலியின் அளவில் ஓபியாய்டு இல்லாதவர்கள்தான் சற்றுத் தேவலை. ஆஸ்திரேலியாவில் 2023இல் வந்த ஓபல் ஆய்வு, புதிதாக முதுகோ கழுத்தோ பிடித்துக்கொண்ட 347 பேரைப் பார்த்தது. ஆறு வாரத்தில் ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டும் வெற்று மாத்திரையும் ஒன்றுபோலவே இருந்தன. இவை எலும்பு முறிவுக்குப் பொருந்தாது. தட்டு வைத்த முதல் சில நாள் ஓபியாய்டு நியாயமானது, அதை மறுப்பது கொடுமை. சங்கடம் பதினோராம் நாளிலிருந்துதான்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்ட ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குமுன் ஓபியாய்டு எடுக்காதவர்களுக்கு முதல் தடவை எத்தனை நாள் எடுத்தார்கள், ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் இன்னும் எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு நாளாவது எடுத்தவர்களில் 6 விழுக்காடு. 8 நாளும் அதற்கு மேலும் எடுத்தவர்களில் 13.5. 31 நாளும் அதற்கு மேலும் என்றால் 29.9. அதிக வலி உள்ளவர்களுக்குத்தான் அதிக நாள் எழுதியிருப்பார்கள் என்ற வாதம் சரிதான். அமெரிக்கக் கணக்கு அப்படியே கடலூருக்கு வராது என்பதும் சரி. ஆனாலும் நாள் என்பது ஒரு அளவு, மி.கி. போலவே எழுத வேண்டிய அளவு என்று எனக்கு உறைத்தது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை. 1980இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் புதிதாக அடிமையானதாகத் தெரிந்தவர்கள் 4 பேர். அவ்வளவுதான் கடிதம். மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கையால் பெற்றவர்கள் அவர்கள். வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2017இல் அதே இதழில் எண்ணிப் பார்த்தபோது அந்தக் கடிதத்தை 608 தடவை மேற்கோள் காட்டியிருந்தார்கள்; ஐந்தில் நாலு பேர் அது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. 1996இல் ஆக்சிகான்டின் என்ற ஆக்சிகோடோன் மாத்திரை சந்தைக்கு வந்தபோது அடிமையாக மாட்டார்கள் என்ற தைரியத்துக்குத் தோள் கொடுத்தவற்றில் இந்த ஐந்து வாக்கியமும் ஒன்று. அந்தக் கடிதத்தை ஒருவகையில் அவர்களும் லேமினேட் செய்துதான் வைத்திருந்தார்கள்.

அக்கா

இவரைப் பார்க்க வீட்டுக்குப் போனபோதுதான் உள் அறையில் நார்க்கட்டிலில் அவருடைய அக்காவைக் கண்டேன். 58 வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியது. ஜிப்மரில் சிகிச்சை. மார்ஃபின் எழுதிக் கொடுத்திருந்தார்கள், மாத்திரையும் தந்திருந்தார்கள். அட்டை பிரிக்காமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. பாரசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு, இரவில் உட்கார்ந்தே தூங்குகிறார்.

"பத்துக்கு எவ்வளவு வலி" என்று கேட்டால் நம் ஊரில் பாதிப்பேர் சிரிப்பார்கள். படுக்க முடிகிறதா, திரும்ப முடிகிறதா என்று கேட்டேன். "திரும்பினா உயிர் போகுதும்மா." பிறகு ஏன் போடவில்லை? "தம்பி மாத்திரையாலதானே வலிப்பு வந்து கிடந்தான். சாகப்போற நேரத்துல நானும் அப்படி ஒரு பேரோட போகணுமா?"

அந்தப் பயத்தை அவருக்குக் கற்றுத்தந்தது தம்பி மட்டுமல்ல. சட்டப்படி உலகத்துக்கே மருந்துக்கான அபினி விளைவிக்கும் நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமத்தோடு பயிரிடுகிறார்கள், காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே ஆலை நடத்துகிறது. ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, ஒரு எழுத்துப் பிழைக்கும் சிறை என்ற பயத்தில் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே விட்டன. 1997இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்டது 18 கிலோ. 2014இல் சட்டத்தைத் திருத்தி, 2015 விதிகளில் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறுக்கும் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வழியாகத் தனிப் பாதை போட்டார்கள். கேரளத்தில் வலி தணிப்பு மருத்துவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைச் சேர்ந்தவர்களும் பல வருடம் தட்டிய கதவு அது. அதற்குப் பிறகும் நம் தேவையில் சுமார் 4 விழுக்காடுதான் நிறைவேறுகிறது என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது.

அக்காவுக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. உடம்பு பழகுவது வேறு, அடிமையாவது வேறு. நாலு மணிக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்து, எழுதிவைத்த அளவு. கதிர்வீச்சு கொடுத்து வலி குறைந்தால் அளவையும் படிப்படியாகக் குறைக்கலாம். 10 மி.கி. மாத்திரையில் பாதி, காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு இரட்டிப்பாக, நடுவில் எழுப்ப வேண்டாம். கூடவே மலமிளக்கி, அது விருப்பமல்ல, கட்டாயம். மார்ஃபினின் மற்றப் பக்கவிளைவுகள் பழகிப்போகும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. நாலாம் நாள் முழு மாத்திரைக்கு ஏற்றினோம். அடுத்த வாரம் போனபோது வாசலில் சாய்ந்து உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

தம்பி இருக்கும் வீட்டில் மார்ஃபினை எங்கே வைப்பது என்பதை நான் எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். தம்பியே கேட்டுவிட்டார். தகரப் பெட்டி, பூட்டு. சாவி மனைவியின் தாலிக் கயிற்றில், ஊக்கில். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நேரமும் மீதி எண்ணிக்கையும். 15 நாளுக்கு மேல் வீட்டில் இருப்பு வைப்பதில்லை. அவர் உடம்பில் புப்ரெனார்ஃபின் இருக்கும்வரை மார்ஃபினை எடுத்தாலும் பெரிதாக ஏறாது என்பது எங்களுக்குள் ஒரு கூடுதல் தைரியம். அதை நம்பிப் பூட்டைத் திறந்து வைக்கவில்லை.

திருகை எடுத்தது

ஆறாவது மாதத்தில் வேறொரு மருத்துவமனையில் தட்டையும் திருகையும் எடுத்தார்கள். அதற்கு முன் மயக்க மருந்து நிபுணரிடம் புப்ரெனார்ஃபினை நிறுத்த வேண்டாம் என்று பேச வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஆபரேஷனுக்கு நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் வலியும் கூடும், திரும்பிப் போகும் ஆபத்தும் கூடும் என்று இப்போது தொடரத்தான் சொல்கிறார்கள். தினசரி அளவை இரண்டாகப் பிரித்துக் கொடுத்து, காலுக்கு மட்டும் நரம்பு மரப்பு ஊசி போட்டு, பாரசிட்டமாலும் ஒரு அழற்சி நீக்கியும் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் ஊன்றி நடந்தார்.

வெளியே வரும்போது கொடுத்த சீட்டில், மாத்திரை நிறுத்தும் தேதியை நாளும் மாதமுமாக எழுதச் சொல்லி நானே போன் செய்திருந்தேன். எழுதியிருந்தார்கள். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதையும் லேமினேட் போட்டுடவா டாக்டரம்மா" என்றார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

இதை எழுதும்போது புப்ரெனார்ஃபின் 4 மி.கி.யில் இருக்கிறார். 15 நாளுக்கு ஒரு முறை மையத்துக்கு வர வேண்டும். தங்கிப் பிடிக்கும் படகு திரும்பும் நாள் தள்ளிப்போய் இரண்டு தடவை தவறவிட்டார். இப்போது காலையில் போய் மதியம் திரும்பும் ஃபைபர் படகுக்கு மாறியிருக்கிறார். பங்கு குறைவு. அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் பழைய படகுக்கே போகலாமா என்று கேட்டிருக்கிறார். படகு டிரைவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.